வனஸ்பதி நாளும் சினைச் சுழற்சியும்: பெண் எலி ஆய்வில் அளவு ஏன் ஆடுகிறது?

கேள்வி: பெண் எலிகளுக்கு வழக்கமான தீவனத்தோடு, திங்கள், புதன், வெள்ளி மட்டும் ஒரு மணி நேரம் வனஸ்பதி வைக்கிறேன். ஒரே எலி ஒருநாள் அள்ளித் தின்கிறது, அடுத்த முறை பாதிதான் தொடுகிறது. சினைப்பையை எடுத்துவிட்டால் சரியாகுமா? – ஆய்வு மாணவி

பதில்: ஆட்டம் குறையும். ஆனால் இந்த ஆட்டத்துக்குக் காரணமான, சினைப்பையில் சுரக்கும் எஸ்ட்ராடியால் என்ற ஹார்மோனும் கூடவே போய்விடும். முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். எலியின் சினைச் சுழற்சி 4 அல்லது 5 நாள். உங்கள் வனஸ்பதி இடைவெளி 2 அல்லது 3 நாள். அதனால் ஒவ்வொரு முறையும் எலி வேறொரு கட்டத்தில் நிற்கிறது. முட்டை வெளிவருவதற்குச் சற்று முந்தைய கட்டமான புரோஎஸ்ட்ரஸில் எஸ்ட்ராடியால் உச்சத்தைத் தொட்ட அன்றிரவு எலி குறைவாகத் தின்னும். எத்தனை வேளை தின்கிறது என்பதில் பெரிய மாற்றம் இராது. ஒரு வேளையின் அளவுதான் சுருங்கும். குடலில் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் அனுப்பும் 'போதும்' என்ற சேதியை எஸ்ட்ராடியால் வலுப்படுத்துவது இதற்கு முக்கியக் காரணம்.

ஆகவே எலி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய, தினமும் ஒரே நேரத்தில் யோனிக் கழுவல் (பிப்பெட்டால் கழுவி எடுத்த செல்கள்) எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். கரு தெரியும் உருண்டைச் செல்கள் கொத்தாக இருந்தால் புரோஎஸ்ட்ரஸ்; கருவற்ற தட்டைச் செதில்கள் இருந்தால் அடுத்த கட்டமான எஸ்ட்ரஸ்; வெள்ளணுக்கள் மொய்த்தால் அதற்குப் பின் வரும் டைஎஸ்ட்ரஸ். பிப்பெட் முனையை ஆழமாக விடவே கூடாது. கருப்பை வாய் தூண்டப்பட்டால் பொய்க்கர்ப்பம் உண்டாகி, சுழற்சி ஏறக்குறைய 2 வாரம் நின்றுவிடும். அந்த எலியின் கணக்கு வீண்.

சினைப்பை எடுத்த எலி சாதாரணத் தீவனத்தையும் கூடுதலாகத் தின்று எடை போடும். எனவே வனஸ்பதி கூடியதை மட்டும் வைத்து 'வெறித் தீனி' (குறுகிய நேரத்தில் அளவுமீறித் தின்பது) என்று எழுதிவிடாதீர்கள். தீவனத்தைத் தனியே நிறுங்கள். தினமும் ஒரு மணி நேரம் வனஸ்பதி பெறும் ஒப்பீட்டுக் குழு கட்டாயம் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் அவற்றைவிட அதிகம் தின்றால்தான் வெறித் தீனி.

ஹார்மோனைத் திருப்பிக் கொடுக்க, 2 மைக்ரோகிராம் எஸ்ட்ராடியால் பென்சோயேட்டை (ஊசிக்கு உகந்த எஸ்ட்ராடியால் வடிவம்) நல்லெண்ணெயில் கலந்து 4 நாளுக்கு ஒருமுறை தோலடியில் போடுவது பழகிய முறை. ஒப்பீட்டு எலிக்கு வெறும் எண்ணெய். பலன் அன்றே தெரியாது, 2 நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் வனஸ்பதியை ஒன்றுவிட்டு ஒருநாள் வையுங்கள்: ஒரு வனஸ்பதி நாள் ஊசியன்றும், அடுத்தது பலன் தெரியும் நாளிலும் விழும். ஹார்மோன் ஊசியின் அளவைக் கூட்டினால் எலிக்குக் குமட்டல் வந்து தின்பது குறையும். அதைப் போதுமென்ற உணர்வு என்று தவறாக எண்ணிவிட நேரும்.

தீவனத்தில் சோயா இருக்கிறதா என்றும் பாருங்கள். அதிலுள்ள ஐசோஃபிளேவோன்கள் ஈஸ்ட்ரோஜன் (எஸ்ட்ராடியால் சேர்ந்த ஹார்மோன் வகை) போல வேலை செய்யும். ஊசி தொடங்கும் முன், அறுவை செய்த எலியின் கழுவலில் செதில் செல்கள் தென்பட்டால், சினைப்பைத் துணுக்கு உள்ளே தங்கியிருக்கிறது. அந்த எலியை நீக்கிவிடுங்கள்.