போர் முடிந்த பின்னும் தொடரும் கடற்சோதனை: கேள்வி பதில்

கேள்வி (கொட்டாஞ்சேனை, கப்பல் முகவர் நிறுவன எழுதுவினைஞர்): ஐயா, சண்டை நின்றவுடன் முற்றுகையும் நின்றுவிடும்தானே?

நிற்காது, தம்பி. முதல் உலகப் போரை நிறுத்திய 1918 நவம்பர் 11 போர்நிறுத்த உடன்படிக்கையின் 26ஆம் பிரிவே, ஜெர்மனி மீதான கடல் முற்றுகை தொடரும் என்றது. 1919 மார்ச்சில், கப்பல்களை ஒப்படைத்தால் உணவு தருவதாக பிரசெல்ஸில் நேச நாடுகள் ஜெர்மனியோடு இணங்கின. முற்றுகை விலகியது ஜூலை 12இல்தான். அந்த எட்டு மாதமும் பசி கிடந்தவர்கள் பொதுமக்கள். அதை என்னால் நியாயப்படுத்த முடியாது.

கேள்வி (முகத்துவாரம், கடற்பயிற்சி மாணவர்): நடுக்கடலில் எப்படிச் சோதிப்பார்கள்?

ஈராக்கைப் பார்ப்போம். 1990இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 665ஆம் தீர்மானத்தில், ஈராக் மீதான வணிகத் தடைக்காகத் தொடங்கிய சோதனை, 1991 போர் முடிந்தும் 2003 வரை நீடித்தது. முதலில் விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் அலைவரிசையில் கூப்பிடுவார்கள்: கப்பலின் பெயர், கொடி, கடைசித் துறைமுகம், அடுத்த துறைமுகம், சரக்கு. பதில் இடித்தால் சிறுபடகில் குழு ஏறும். மாலுமிகளை ஓரிடத்தில் கூட்டிவிட்டு, மனிபெஸ்டையும் (சரக்குப் பட்டியல்) பில் ஒஃப் லேடிங்கையும் (சரக்கு ஏற்றிய சீட்டு) லொக் புத்தகத்தோடு (பயணக் குறிப்பேடு) ஒப்பிடும். வெறுங்கப்பல் என்று சொன்னது ஆழ அமர்ந்து வந்தால், கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று காட்டும் பக்கவாட்டு டிராஃப்ட் அளவே காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்கல் கொன்டெய்னர்தான். நெருக்கி அடுக்கியிருப்பதால் கதவு திறக்க இடமே இராது. கிரேன் உள்ள துறைமுகத்துக்குத் திருப்ப வேண்டும், நாட்கணக்கில் தாமதம். ஜோர்தானின் அகாபாவுக்குப் போன கப்பல்கள் இதில் மிகவும் அடிபட்டன. அதனால் 1994 ஆகஸ்டில் அந்தச் சோதனையைக் கரைக்கு மாற்றி, லொயிட்ஸ் ரெஜிஸ்டர் என்ற கப்பல் பரிசோதனை நிறுவனத்திடம் கொடுத்தார்கள். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

கேள்வி (அதே மாணவர்): அப்படியும் ஈராக்கிலிருந்து எண்ணெய் கடத்தினார்களே?

ஈராக்-ஈரான் எல்லை ஆறான ஷட் அல் அராபை விட்டு வெளியே வந்ததும் ஈரானின் 12 கடல் மைல் எல்லைக்குள் ஒட்டியே ஓடினார்கள். சோதனை செய்யும் போர்க்கப்பல்கள் அதற்குள் போய் மறிக்க முடியாது.

கேள்வி (வெள்ளவத்தை, ஆசிரியை): கடலில் போட்ட கண்ணிவெடிகளின் ஆபத்து எவ்வளவு காலம் இருக்கும்?

வாரி அகற்றும் வரை இருக்கும், டீச்சர். 1917 பெப்ரவரியில் ஜெர்மன் கப்பல் ‘வூல்ஃப்’ விதைத்த கண்ணிகளில் ‘வூஸ்டர்ஷயர்’, ‘பெர்சியூஸ்’ என்ற பிரித்தானியக் கப்பல்கள் இரண்டும் நம் கொழும்புக்கு அப்பால்தான் மூழ்கின. 1945க்குப் பின் ஐரோப்பியக் கடல்களில் வாரிய தடங்களை மட்டும் குறித்து, வணிகக் கப்பல்களுக்குக் கையேடு கொடுத்தார்கள். சுருக்குவழி தேடித் தடம் விலகினால் உயிராபத்து.

கேள்வி (புறக்கோட்டை, சரக்கு அனுப்புநர்): இங்கே மாற்றி ஏற்றி பெய்ரூட் அனுப்பும்போது எதில் கவனம் வேண்டும்?

லெபனானில் நடந்த 2006 இஸ்ரேல்-ஹிஸ்புல்லா போருக்குப் பின், அந்த ஒக்டோபரில் ஐ.நா. கடற்படைப் பிரிவு அங்கே இறங்கியது. அது ரேடியோவில் விசாரிக்கும், சந்தேகமானதை லெபனான் அதிகாரிகளிடம் விடும். திறந்து பார்ப்பவர்கள் அவர்களே. ஆகவே பொருள் விவரம், எடை, கொன்டெய்னர் பூட்டின் சீல் இலக்கம் மூன்றும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும். கொழும்பில் சீல் மாறினால் புதிய இலக்கத்தை அன்றே மனிபெஸ்டிலும் ஏற்றுங்கள்.