முதல் தோல்வாரை மலிவாக வாங்குங்கள், எப்படியும் வெட்டத்தான் போகிறீர்கள்

கேள்வி: மடக்குச் சவரக்கத்தி ஒன்று வாங்கியிருக்கிறேன். தீட்டுவதற்கு எந்த மாதிரித் தோல்வார் வாங்கலாம்? அதை எப்படிப் பராமரிப்பது?

ஆறு வருடமாக மடக்குக் கத்தியில்தான் சவரம் செய்கிறேன். இதுவரை மூன்று வார்கள் ஆகிவிட்டன. முதல் வாரை இரண்டாம் நாளே வெட்டினேன். இரண்டாவதை எண்ணெய் போட்டே கெடுத்தேன். மூன்றாவது இப்போது ஜன்னல் கம்பியில் தொங்குகிறது, நன்றாக இருக்கிறது. விலை உயர்ந்தது எது என்று கேட்டால் அந்த முதல் வார்தான்.

தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். கடைசியில் திருப்பும்போது முதுகு தோலிலேயே இருக்க, அதன் மேல் கத்தியை உருட்ட வேண்டும். கைப்பழக்கம் வருவதற்குள் ஒரு தடவையாவது வாய்ப்பக்கமாக உருட்டிவிடுவோம். அவ்வளவுதான், தோலில் ஒரு கீறல் விழுந்துவிடும். ‘தீட்டின மரத்திலேயே பதம் பார்ப்பது’ என்று சொல்வார்களே, அதை நான் நிஜமாகவே செய்தவன். அதனால் முதல் வாரத்துக்குக் கத்தியையே எடுக்காதீர்கள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் மொக்கைக் கத்தியை வைத்துத் திருப்பிப் பழகுங்கள். செய்தித்தாளை நீளமாக மடித்து மேசை விளிம்பில் வைத்தும் பழகலாம்.

சரி, எதை வாங்குவது? அகலம் மூன்று அங்குலம் இருக்கட்டும். சவரக்கத்தியின் வாய் ஏறக்குறைய அந்த நீளம்தான். வார் இரண்டரை அங்குலம் என்றால் ஒவ்வொரு இழுப்பிலும் கத்தியைக் கொஞ்சம் குறுக்காகவும் நகர்த்த வேண்டும். புதியவருக்கு அது கூடுதல் தலைவலி. நீளத்தில் கத்தி ஓட ஒரு பதினாறு அங்குலமாவது கிடைக்க வேண்டும்.

தோலைப் பொறுத்தவரை, மரப்பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல் போதும். குதிரைத்தோலில் செய்ததும் வருகிறது, வழுவழுவென்று அருமையாக இருக்கும். ஆனால் அதை வெட்டினால் மனசு தாங்காது. பட்டை போட்ட தோலா, குரோமிய உப்பு போட்டுப் பதனிட்ட தோலா என்று பார்க்க வெட்டு விளிம்பைக் கவனியுங்கள். பட்டை போட்டது உள்ளே வரைக்கும் பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலமும் சாம்பலும் கலந்த நிறம் தெரியும். தொட்டால் மெத்தென்று இருக்கும், இழுத்தால் நீளும். இணையத்தில் நான் மலிவாக வாங்கிய இன்னொன்றை அந்த மூன்றில் சேர்க்கவில்லை; அது தோலே இல்லை, தோல்தூளை ஒட்டிச் செய்த பலகை. ஒரு மாதத்தில் மேல்தோல் உரிந்தது. பழைய பெல்ட்டில் தீட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான பெல்ட்டுகளில் மேலே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், அதில் கத்தி வழுக்கிக்கொண்டு போகுமே தவிர ஒன்றும் நடக்காது.

சென்னையில் இருந்தால் பெரியமேட்டுக்குப் போங்கள். அங்குள்ள தோல் கடைகளில் பெல்ட், சேணம் தைக்கிற கெட்டித் தோல் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். என் மூன்றாவது வார் அப்படி வாங்கிய துண்டுதான். மூன்றரை மில்லிமீட்டர் தடிமன், மடிப்போ தழும்போ இல்லாத பகுதியாகப் பார்த்து வெட்டி வாங்கினேன். ஒரு முனையில் ஓட்டை போட்டு வளையம் மாட்டினேன், மறுமுனையில் கைப்பிடிக்குக் கனமான பருத்தித் துணியை மடித்துத் தைத்தேன். பின்பக்கம் தொங்க அதே மாதிரித் துணிப்பட்டை ஒன்று. சவரத்துக்கு முன் துணியில் இருபது தடவை, அப்புறம் தோலில் ஐம்பது தடவை. போய் வருவது ஒரு தடவை என்று கணக்கு.

வார் தொய்யக் கூடாது. இழுத்துப் பிடிக்காமல் தொய்வாக விட்டால் தோல் வளைந்து வாயைச் சுற்றி ஏறும், கூர் உருண்டுவிடும். அழுத்தவும் கூடாது, கத்தியின் கனமே போதும். சாணைக்கல் இரும்பைத் தேய்த்து வாய் எடுக்கிறது. வாரின் முக்கிய வேலை வேறு: சவரத்தில் மடங்கிப்போன அந்த மெல்லிய விளிம்பை நீவி நேராக்கி மெருகேற்றுவது. நீவுவதற்கு எதற்கு அழுத்தம்? ஒழுங்காக வாரில் தீட்டினால் கல் பக்கம் போக மாதக்கணக்கில் ஆகும். கூரேற்றுவதற்குப் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசை விற்கிறார்கள். அதைத் தனியாக ஒரு துண்டுத் தோலில் தடவி எப்போதாவது பத்துத் தடவை இழுக்கலாம். தினசரி வாரில் தடவினால் பிறகு அதை எடுக்கவே முடியாது.

பராமரிப்பு என்று வந்தால் நான் சொல்வது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். உள்ளங்கையைக் கழுவித் துடைத்துவிட்டு, தீட்டும் முன் தோலை நாலைந்து தடவை அழுத்தி நீவுங்கள். கையின் சூடும் பிசுக்குமே அதற்கு உணவு. இரண்டாவது வாருக்கு நான் தேங்காயெண்ணெய் தாராளமாகப் பூசினேன், தோல் என்றால் எண்ணெய் வேண்டும் என்ற நினைப்பில். அது ஊறிப் பிசுபிசுத்து, கத்தி நகரவே மறுத்தது. மழைக்காலத்தில் பூஞ்சையும் பூத்தது. வறண்டு சொரசொரப்பாகத் தெரிந்தால் மட்டும், மாட்டுக் காலெலும்பில் எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் இரண்டு மூன்று துளியைக் கையில் தேய்த்துத் தடவி ஒரு நாள் விடலாம். வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

குளியலறைக்குள் மாட்டாதீர்கள். சுருட்டியோ மடித்தோ வைக்காதீர்கள், மடிப்பு விழுந்தால் போகாது. தூசி பட்டால் ஈரத்தைப் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். ஈரக் கத்தியையும், துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வைத்த கத்தியையும் அப்படியே தோலில் வைக்காமல் முதலில் துடைத்துவிடுங்கள்.

கீறல் விழுந்தால் உடனே தூக்கிப் போட வேண்டாம். ஓரத்தில் இருந்தால் பிசிறை மட்டும் பொடி உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத் தொடரலாம். நடுவில் தோல் நாக்கு மாதிரி எழும்பியிருந்தால் சூப்பர் க்ளூ ஒரு துளி விட்டு ஒட்டி, காய்ந்ததும் சமமாகத் தேய்த்துப் பாருங்கள். ஆழமாக வெட்டியிருந்தால் அந்தப் பகுதியைக் கழித்து, மிச்சத்தை ஒரு மரப்பலகையில் ஒட்டிப் பச்சைப் பசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் வார் இப்போது அந்தப் பலகையில்தான் இருக்கிறது.