சறுக்குக்கட்டை போடுகிறவரின் கண்

கேள்வி: டெல்லியில் மனு வாங்கும் இடத்திலேயே முதலமைச்சரைத் தாக்கினார்கள். நம்மூர் எம்.எல்.ஏ., எம்.பி.க்கள் மக்களைச் சந்திக்கும்போது அவர்களைச் சுற்றிப் பலமான பாதுகாப்பு வளையம் போட வேண்டாமா?
(ஒரு வாசகர், வீரவநல்லூர்)

பதில்: வளையம் என்கிறீர்கள். யாரும் போடாமலே நம்மூரில் அது விழுந்துவிடுகிறது. ஒன்றியம், நகரம், வட்டம், கிளை, அவர்களுக்குப் பின்னால் செல்பி எடுக்க வந்த தம்பிமார். அத்தனை முகமும் உள்ளே திரும்பி, தலைவரையே பார்த்துக்கொண்டிருக்கும். துப்பாக்கியோடு காவலுக்கு வந்த கன்மேனும் அந்த நெரிசலில் தலைவரின் தோளோடு ஒட்டிக்கிடப்பார். வெளியே பார்க்க ஒரு கண்ணும் மிச்சமில்லை. இப்படி ஒரு வளையத்துக்குள் நிற்பதைவிட ஒருவர் தனியாக நிற்பதே மேல். வருகிற ஆளையாவது அவர் பார்ப்பார்.

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை போடுகிறவரைக் கவனியுங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிக்க, ரதவீதி முழுக்கச் சுவாமியைப் பார்த்துக் கும்பிடும். அவர் மட்டும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அவர் கண் சக்கரத்தில் இருக்கும். ஒரு நொடி கண்ணை எடுத்தால் கால் போய்விடும். தலைவரைக் காக்க நிற்கிறவருக்கும் அந்தக் கண்தான் வேண்டும். அவர் பார்க்க வேண்டிய சக்கரம், வருகிறவர்களின் கை. முகம் சிரிக்கும், கும்பிடும், அழும். குத்துவது கைதான். 2010 மே மாதம் லண்டனில் ஸ்டீபன் டிம்ஸ் என்ற எம்.பி.யிடம் ஓர் இளம்பெண் சிரித்த முகத்தோடு, கைகுலுக்க வருவதுபோல் வந்து வயிற்றில் குத்தினார். அவர் பிழைத்துக்கொண்டார்.

பிரிட்டனில் எம்.பி.க்கள் தொகுதியில் உட்கார்ந்து குறை கேட்பதற்கு 'சர்ஜரி' என்றே பெயர். டேவிட் ஏமஸ் என்ற எம்.பி. 2021 அக்டோபர் 15 அன்று கொல்லப்பட்டதும் அப்படியொரு சந்திப்பில்தான். கொன்றவன் முன்கூட்டியே நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவன். ஆகவே பெயரைப் பதிந்துவிட்டோம் என்று பி.ஏ. நிம்மதியாகிவிடக் கூடாது. பதிந்த செல்போன் எண்ணுக்கு முதல்நாளே ஒரு முறை பேசி, எந்த ஊர், எந்தத் தெரு, என்ன காரியம் என்று கேட்க வேண்டும். அந்த ஊர்க்காரர் ஒருவரிடமும் விசாரித்துக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் இது இரண்டு நிமிட வேலை.

துப்பாக்கி இருக்கிறதே என்பீர்கள். கத்தியோடு ஓடிவருகிற ஆள் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான் என்பது காவல் பயிற்சியில் வெகுகாலமாகச் சொல்லித்தரும் கணக்கு. உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் குறிபார்க்கவே அவ்வளவு நேரம் ஆகும். மனு வாங்கும் அறை 21 அடி நீளம்கூட இருக்காது. அங்கே காப்பாற்றுவது மேசை. சாதாரண ஆபீஸ் மேசை இரண்டரை அடி அகலம். ஒரு கையின் நீளம் இரண்டடி, அரிவாள் ஒன்றரை அடி. கூட்டிப் பாருங்கள், எட்டிவிடும். இரண்டு மேசையை அகலவாக்கில் சேர்த்துப் போட்டால் ஐந்தடி. முன்பக்கம் பலகை அடித்து அடைத்திருக்க வேண்டும், அடியில் நுழைய வழி இருக்கக் கூடாது. எம்.எல்.ஏ.வின் நாற்காலிக்குப் பின்னால் சுவர், கை எட்டும் தூரத்தில் இன்னொரு கதவு. அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ் வேண்டும், வெளிப்பக்கம் பூட்டியிருக்கக் கூடாது. பல அலுவலகங்களில் அந்தப் பின்கதவை அடைத்துக்கொண்டு பழைய பேனர் மூட்டை கிடக்கிறது. மேசைமேல் பேப்பர்வெயிட், கத்தரிக்கோல், கேடயம், பித்தளைக் குத்துவிளக்கு எதுவும் வேண்டாம். கோபத்தில் கை தேடுவது அவற்றைத்தான்.

மனு கொடுப்பவரை உட்கார வையுங்கள். உட்கார்ந்தவர் பாய்வதற்கு முன் எழுந்தாக வேண்டும், அந்த ஒரு நொடி நமக்குக் கிடைக்கிறது. அதைவிட, உட்காரச் சொன்னதும் பாதிப்பேருக்குக் கோபம் தணிந்துவிடும். காத்திருக்கும் இடம் வேறு, சந்திக்கும் அறை வேறு என்று பிரித்து, பையையும் குடையையும் கோயிலில் செருப்பு விடுவதுபோல் டோக்கன் கொடுத்து வெளியே வாங்கி வைக்கலாம். பெண்களின் பையைப் பெண்கள்தான் பார்க்க வேண்டும். வரிசையில் கவனிக்க வேண்டியவர், மனு இல்லாமல் வந்தவர், முறை வந்தும் பின்னால் போய் நிற்கிறவர், எம்.எல்.ஏ.வைப் பார்க்காமல் கன்மேன் எங்கே நிற்கிறார் என்று பார்க்கிறவர்.

தெருமுனைக் கூட்டத்துக்கு இன்னொரு கணக்கு. 2022 ஜூலை 8, ஜப்பானின் நாரா நகரில் ரயில் நிலையத்துக்கு வெளியே சாலை நடுவே நின்று முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே பேசிக்கொண்டிருந்தார். சுட்டவன் பின்பக்கமாகச் சாலையைக் கடந்து வந்தான். முதல் குண்டு படவில்லை. அடுத்தது வெடிக்கச் சுமார் இரண்டரை நொடி இருந்தது. அதற்குள் அவரைக் கீழே அமுக்க ஒருவரும் இல்லை. பின்பக்கக் காவலில் ஓட்டை இருந்ததென்று அந்நாட்டுக் காவல்துறையின் ஆய்வே ஒப்புக்கொண்டது. வாகையடி முனையிலோ வண்ணார்பேட்டை ரவுண்டானாவிலோ பிரசார வேனை நிறுத்துகிறவர்கள், கூட்டம் தெரிய வேண்டும் என்று சாலை நடுவில் நிறுத்துகிறார்கள். அடைத்த கடைச் சுவருக்கு முதுகைக் கொடுத்து நிறுத்துங்கள். பின்பக்கம் பார்த்தபடி இரண்டு பேர், பேச்சு முடியும்வரை திரும்பாமல் நிற்கட்டும்.

பொன்னாடைக்கு வருகிறேன். இந்தப் பக்கத்துக்கும் பொன்னாடைக்கும் உள்ள பகை வாசகர்களுக்குத் தெரியும். வீண்செலவு என்று இதுவரை சொல்லிவந்தோம், இப்போது ஆபத்து என்றும் சொல்கிறோம். போர்த்துகிறவரின் இரண்டு கையும் துணிக்குள் மறைந்திருக்கும். போர்த்தப்பட்டவரின் இரண்டு கையும் கட்டுண்டிருக்கும். மாலை இன்னும் மோசம், கழுத்தைக் குனிந்து கொடுக்க வேண்டும். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியை நெருங்கியவள் கையில் இருந்தது மாலைதான். காலைத் தொடக் குனிந்தபோதுதான் குண்டு வெடித்தது. அங்கே நின்ற பெண் காவலர் ஒருவர் தடுக்கத்தான் செய்தார், வரட்டும் என்று தலைவரே சொல்லிவிட்டார். காவலர் ஒருவரை நிறுத்து என்றால் தலைவர் அதை மாற்றக் கூடாது, இது மேடை ஏறும் முன்பே பேசி வைக்க வேண்டிய விஷயம். மாலையும் பொன்னாடையும் நுழைவாயிலில் ஒரு மேசையில் வாங்கி, கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசித்தால் போதும். அவருக்கு வேண்டியதும் அந்தப் பெயர்தானே.

பொன்னாடையில் இன்னொரு கேடு. அது பெரும்பாலும் பாலியஸ்டர். உடம்பில் தீப்பிடித்தவர்மேல் அவசரத்துக்கு அதைப் போர்த்தினால் உருகித் தோலோடு ஒட்டிவிடும். இதைச் சொல்லக் காரணம் நெல்லை கலெக்டர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளம். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, மனுநாள். காசிதர்மத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், கணவன், மனைவி, இரண்டு பிஞ்சுக் குழந்தைகள், கலெக்டர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்து மாண்டது. கந்துவட்டிக் கொடுமை என்று பலமுறை மனு கொடுத்திருந்தார்கள். இப்போது வாசலில் பாட்டிலைத் தேடுகிறார்கள், வாளியில் மணலும் தண்ணீரும் வைத்திருக்கிறார்கள். அவசியம்தான். கனத்த கம்பளி ஒன்றும், தீயணைப்பு உருளையும், அதன் ஊசியை உருவத் தெரிந்த ஆளும் சேர்ந்து இருக்க வேண்டும். தீ அணைந்ததும் உடனே 108க்குப் போன், வண்டி வருவதற்குள் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர், பிறகு ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி.

ஆனால் வாசகரே, மனுநாளில் நம் மாவட்டம் கண்ட மிகப் பெரிய சாவு, மனு வாங்கியவருக்கு நேரவில்லை. மனு கொடுத்தவர்களுக்கு நேர்ந்தது. அதனால்தான் மெட்டல் டிடெக்டருக்கு முன்னால் ரசீது வையுங்கள் என்கிறேன். மனுவுக்கு எண், வாங்கிய தேதி, எந்த அதிகாரிக்குப் போகிறது, எந்தத் தேதிக்குள் பதில் என்று நாலு வரி. பதில் 'முடியாது' என்றாலும் எழுதிக் கொடுங்கள். ஒரே மனுவோடு மூன்றாம் முறை வருகிறவரைத் தனியாக உட்காரவைத்து, அன்றைக்கே சம்பந்தப்பட்ட அதிகாரியோடு போனில் பேசவிடுங்கள். அந்த மூன்றாம் மனுவை அடையாளம் காண ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

நீங்கள் கேட்டது எம்.எல்.ஏ.வுக்கு. நம் பக்கத்தில் அரசியல்வாதிகள் வெட்டுப்பட்ட இடங்களைப் பாருங்கள். முன்னாள் அமைச்சர் ஆலடி அருணா 2004 டிசம்பர் 31 அன்று ஆலங்குளம் அருகே காலைநடையில். இன்னொரு முன்னாள் அமைச்சர் தா.கிருட்டிணன் 2003இல் மதுரையில், அதுவும் காலைநடையில். நெல்லையின் முதல் மேயர் உமா மகேஸ்வரி 2019 ஜூலையில் தம் வீட்டுக்குள், கணவரோடும் பணிப்பெண்ணோடும். தினமும் அதே நேரம், அதே பாதை என்பது எதிரிக்கு நாமே எழுதிக் கொடுக்கிற சீட்டு. நேரத்தை அரைமணி முன்பின் மாற்றுங்கள், மூன்று பாதை வைத்துக்கொள்ளுங்கள், துணைக்கு வருகிறவர் பத்தடி பின்னால் வரட்டும்.

கன்மேன் என்பதையே அறியாத தலைவர்களும் இருக்கிறார்கள். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று, கலெக்டர் அலுவலகம் போய்த் திரும்பும்போது, பேருந்தை மறித்துக் கூட வந்தவர்களோடு கொல்லப்பட்டார். நம் தாழையூத்தின் ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வீடு திரும்பும் வழியில் வெட்டப்பட்டு, உயிர் தப்பினார். தமக்கு ஆபத்து என்று அவர் முன்பே புகார்கள் கொடுத்திருந்தார். தாழ்த்தப்பட்டவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைப் பொறுக்காத கை ஓங்கிய வெட்டு அது. இவர்களுக்கு எக்ஸ், ஒய், இசட் என்ற பாதுகாப்புப் பிரிவு எதுவும் கிடையாது. தினமும் மக்களைச் சந்திக்கிறவர்களோ இவர்கள்தான், அதுவும் டீக்கடை பெஞ்சில்.

இவர்களுக்கு வேண்டியது பெரிய செலவில்லை. கிராமசபை பகல் வெளிச்சத்தில், பொது இடத்தில், பற்றாளராக நியமிக்கப்பட்ட அரசு அலுவலர் வந்த பிறகுதான் தொடங்க வேண்டும். வரவுசெலவு வாசிக்கும்போது வீடியோ ஓட வேண்டும். கூட்டம் முடிந்து தலைவர் வீடு போய்ச் சேரும்வரை ஒரு காவலர் உடன் போகட்டும். மிரட்டல் என்று புகார் கொடுத்தால் அன்றே சி.எஸ்.ஆர். என்கிற புகார் ரசீது. தனித்தொகுதி ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் பட்டா புத்தகம் என்கிற ரோந்துக் குறிப்பேடு ஒன்று, ரோந்துப் போலீசார் இரவில் இரண்டு முறை வந்து நேரம் குறித்துக் கையெழுத்திட வேண்டும். அந்தப் புத்தகத்தை மாதம் ஒருமுறை டி.எஸ்.பி. புரட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் எம்.எல்.ஏ.வைச் சந்திக்கும்போது இந்தப் பட்டா புத்தகத்தைக் கேட்டு ஒரு மனு கொடுங்கள். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.