110 கேமராவின் மங்கல் படங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பரணில் ஒரு 110 கேமராவும் (110 என்ற சின்ன ஃபிலிம் போடும் பாக்கெட் கேமரா) அதில் எடுத்த பழைய படங்களும் கிடைத்தன. படங்கள் எல்லாமே மங்கல், மணல் தூவியது போல. லென்ஸ் மோசமா? 16 மி.மீ. சினிமா ஃபிலிமை வெட்டிப் போட்டு இப்போது படம் எடுக்க முடியுமா?

எம்.

அன்புள்ள எம்.,

லென்ஸைக் குற்றம் சொல்லும் முன் நெகட்டிவை அளந்து பாருங்கள். 13×17 மி.மீ. இருக்கும். 35 மி.மீ. ஃபிலிமின் 24×36 சட்டத்தோடு, அதாவது ஒரு படம் பதியும் பரப்போடு, ஒப்பிட்டால் பரப்பு கால்வாசிதான். 15 செ.மீ. அகலப் பிரிண்ட்டுக்கு 35 மி.மீ. நெகட்டிவை நாலு மடங்குக்குச் சற்று மேல் பெரிதாக்கினால் போதும். இதை ஒன்பது மடங்கு பெரிதாக்க வேண்டும். நீங்கள் பார்க்கும் மணல் அப்படிப் பெருத்துப்போன கிரெய்ன், அதாவது ஃபிலிமில் படத்தை உருவாக்கும் நுண்துகள்.

1972இல் பாக்கெட் இன்ஸ்டமேட்டிக் கேமராக்களோடு 110 ஃபிலிமைக் கொண்டுவந்த கோடக்குக்கு இது தெரியும். அதனால்தான் கோடாகலர் II என்ற நுண்ணிய ஃபிலிமையும் சேர்த்தே வெளியிட்டது. இன்றும் கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 முறை அந்த ஃபிலிமோடு வந்ததுதான். இந்தச் சின்ன வடிவம் தந்த பெரிய கொடை அது.

கிரெய்னைவிடப் பெரிய குறை என்று நான் நினைப்பது கார்ட்ரிட்ஜை, அதாவது ஃபிலிம் அடைத்து வரும் கூட்டை. 35 மி.மீ. கேமராவில் ஃபிலிமை முதுகிலிருந்து அழுத்தித் தட்டையாக வைக்க ஒரு தகடு உண்டு. 110இல் அது கிடையாது. பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜின் இடுக்குக்குள், பின்தாளோடு (முதுகில் சேர்த்துச் சுற்றிய காகிதம்) சேர்ந்து ஃபிலிம் தானாகவே தட்டையாக நிற்க வேண்டும். லேசாக வளைந்தாலும் ஃபோகஸ் போய்விடும். யாரும் சுலபமாக ஃபிலிம் மாற்றலாம் என்ற வசதிக்குக் கொடுத்த விலை இது. 1978இல் வந்த பென்டாக்ஸ் ஆட்டோ 110 லென்ஸ் மாற்றக்கூடிய எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா), லென்ஸ்களும் அருமை. அதற்கும் இந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து தப்ப வழியில்லை. 1982இல் வந்த, வட்டத் தட்டு வடிவிலான டிஸ்க் ஃபிலிம் கெட்டியான அடித்தளத்தால் தட்டைத்தன்மையைச் சரிசெய்தது, ஆனால் சட்டத்தை இன்னும் சுருக்கிக் காரியத்தைக் கெடுத்தது.

கை நடுக்கத்தையும் மறக்காதீர்கள். எடையே இல்லாத கேமரா, பட்டனை அழுத்தும்போதே அசையும். அந்த அசைவும் ஒன்பது மடங்காகும்.

சினிமா ஃபிலிம் விஷயம். அகலம் இரண்டுக்கும் 16 மி.மீ.தான், துளைகள்தான் வேறு. 110 ஃபிலிமில் சட்டத்துக்கு ஒரு துளைதான். பல கேமராக்களில் ஒரு சிறு ஊசி அந்தத் துளையில் விழுந்தால்தான் ஷட்டர் தயாராகும். சினிமா ஃபிலிமில் துளைகள் 7.6 மி.மீ.க்கு ஒன்று என்பதால் ஊசி முன்கூட்டியே விழுந்து படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். லென்ஸை மூடிக்கொண்டு வெறுமனே ஒன்றிரண்டு முறை கிளிக் செய்து ஃபிலிமை நகர்த்த வேண்டும். இருபக்கத் துளை ஃபிலிம் வேண்டாம், துளைகள் படத்துக்குள்ளேயே வந்துவிடும். ஒருபக்கத் துளையிலும் ஓரம் கொஞ்சம் போகும். துளையே இல்லாத ஃபிலிம் என்றால் அந்தக் கேமராக்களில் ஷட்டரே இயங்காது.

ஆகவே முதலில் புதுக் கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்குங்கள். லோமோகிராஃபி 2012 முதல் 110 ஃபிலிம் விற்கிறது. ஃபிலிமின் ஒளியுணர்வு வேகத்தை, கேமரா கார்ட்ரிட்ஜின் விளிம்பைத் தொட்டுக் குறைவேகம், அதிவேகம் என இரண்டாக மட்டுமே அறியும். நெகட்டிவில் வெளிச்சம் சற்றுக் கூடினாலும் தாங்கும் என்பதால் கவலை வேண்டாம். நல்ல வெயிலில் எடுங்கள். 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 1600×1200 புள்ளிகள் கிடைக்கும், சிறு பிரிண்ட்டுக்கு அது போதும். லேபில் கொடுக்கும்போதே காலிக் கார்ட்ரிட்ஜையும் பின்தாளையும் திருப்பிக் கேளுங்கள். பிறகு சினிமா ஃபிலிம் சுற்ற அவை இரண்டும் வேண்டும்.