சோலார் கடனுக்கு வீட்டுப் பத்திரம் எதற்கு?

கேள்வி: மதுரை ஜெய்ஹிந்த்புரத்தில் அப்பளக் கம்பெனி நடத்துகிறேன். 6 லட்ச ரூபாய்க்கு சோலார் போட பேங்கில் கடன் கேட்டால் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். ஒரு புரோக்கர், “பசுமைக் கடன், 78,000 மானியத்தோடு வாங்கித் தருகிறேன்” என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த 78,000, 2024-ல் வந்த பிஎம் சூர்யகர் திட்டத்தின் உச்ச மானியம். வீட்டு இணைப்புக்கு மட்டும்தான், கம்பெனிக்குக் கிடையாது. இதே ஆட்கள்தான் உத்யம் என்ற சிறுதொழில் பதிவுக்கும் காசு கறப்பார்கள். அரசுத் தளத்தில் அது இலவசம்.

“கீழே கம்பெனி, மேலே வீடு” என்பவர்கள் மதுரையில் நிறையப் பேர். வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால் அதற்கு மட்டும் மானியம் கேட்கலாம். ஆனால் அந்தக் கரண்டில் மாவு மிஷினை ஓட்டக் கூடாது. இ.பி. பறக்கும் படை வந்தால் அபராதம் விழும். வீட்டு மீட்டரிலேயே கம்பெனி ஓடுகிறதா? முதலில் இணைப்பை மாற்றுங்கள், சோலார் அப்புறம்.

சரி, பத்திரம். உங்கள் 6 லட்சம் போன்ற சிறுதொழில் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வாங்கும் பேனலை ஈடாக எழுதிக்கொள்வார்கள், அது முறைதான். ஈடில்லாக் கடன் வாராமல் போனால் பேங்குக்குப் பெரும்பகுதியைத் தர சிஜிடிஎம்எஸ்இ என்ற உத்தரவாத நிதியே 2000 முதல் இருக்கிறது. பிறகும் ஏன் கேட்கிறார்கள்? கடன் கெட்டால் மேனேஜருக்கு மெமோ. தராமல் திருப்பி அனுப்பினால் அவரை யாரும் கேட்பதில்லை. பேங்குகள் முன்னுரிமை தந்து கொடுக்க வேண்டிய கடன்களின் பட்டியலில் சோலார் கடன் சேர்ந்தது 2015-ல். ஆண்டறிக்கையில் பச்சை இலை அச்சடிக்கிறார்கள், கிளையில் இன்னும் “பத்திரம் இருக்கா?”தான்.

தொழில்காரர் மாதிரி கணக்குப் போடும் மேனேஜர்களும் உண்டு. அவர்களிடம் சுற்றுச்சூழல் பேச வேண்டாம். ஓராண்டு இ.பி. பில், சோலார் கொட்டேஷன், பேங்க் ஸ்டேட்மென்ட், கூடவே ஒரு தாள். பில்லில் மாதம் 9,000 மிச்சமாகும், தவணை 12,750 என்றால், மீதி 3,750 எங்கிருந்து வரும் என்று நீங்களே அதில் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அப்பளமும் காயாது, பேனலும் குறைவாகத்தான் தரும். அந்த இரண்டு மாதத் தவணைக்கு என்ன வழி என்பதையும் எழுதினால், பத்திரப் பேச்சு பாதி குறையும்.

அப்படியும் “ஹெட் ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க” என்றால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தர வேண்டியது அவர்கள் கடமை. அந்தக் கடிதத்தோடு மண்டல அலுவலகத்துக்கோ மாவட்டத்து பேங்குகளை ஒருங்கிணைக்கும் லீட் பேங்க் மேனேஜரிடமோ போகலாம்.