வெளிநாட்டு வணிகச் சட்டத் துறையில் பன்னாட்டு மாணவர்களுக்குச் சாதகம் ஏதேனும் உண்டா?

உங்கள் கேள்வி இது: இந்தியாவில் சட்டம் படித்துவிட்டு இங்கிலாந்தில் முதுகலை படிக்கச் செல்லும் ஒருவர் அங்குள்ள வணிகச் சட்ட நிறுவனங்களில் வேலைக்கு முயலும்போது, வெளிநாட்டவர் என்பது அவருக்குச் சுமையாக மட்டுமே இருக்குமா, அல்லது அதனால் ஏதேனும் ஆதாயமும் உண்டா? ஆதாயம் உண்டு என்பதே என் பதில். ஆனால் எதை ஆதாயம் என்று நினைத்துப் பெரும்பாலோர் விண்ணப்பத்தில் எழுதுகிறார்களோ அது பெரிதாக உதவுவதில்லை. அவர்கள் எழுதாமல் விடுவதுதான் உதவுகிறது. நானும் மாணவனாக லண்டனுக்கு வந்து சொலிசிட்டராக, அதாவது கட்சிக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லி ஆவணங்கள் தயாரிக்கும் வழக்கறிஞராக, தகுதி பெற்றவன். இப்போது நிறுவனங்களை வாங்கி விற்கும் பிரிவில் பணிபுரிகிறேன். பயிற்சி வழக்கறிஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல்களில் கேள்வி கேட்பவர்களில் ஒருவனாக அமர்ந்த அனுபவமும் உண்டு.

முதலில் வேலையின் இயல்பைப் பார்க்க வேண்டும். கிரேக்கக் கப்பல் உரிமையாளர் ஒருவர், அர்ஜென்டினாவிலிருந்து சோயா எண்ணெய் கொண்டுவருவதற்காக இந்திய நிறுவனம் ஒன்றுக்குத் தம் கப்பலை வாடகைக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதில் ஆங்கிலேயர் எவரும் இல்லை. சரக்கு இங்கிலாந்துக் கரையைத் தொடப்போவதும் இல்லை. இருந்தும் அந்த ஒப்பந்தத்தில் ‘ஆங்கிலச் சட்டம் பொருந்தும், தகராறு எழுந்தால் லண்டனில் நடுவர் தீர்ப்பு’ என்று எழுதியிருப்பது மிகச் சாதாரணமான செய்தி. கப்பல், காப்பீடு, வங்கிக் கடன், மூலப்பொருள் வணிகம் என்று பல துறைகளில் இதுவே வழக்கம். நீதிமன்றத்துக்கு வெளியே இரு தரப்பும் ஏற்ற நடுவர்கள் வழங்கும் தீர்ப்பை 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையின்படி 170க்கும் மேற்பட்ட நாடுகளில் நிறைவேற்றக் கோரலாம் என்பது இந்த வழக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆகவே, லண்டனின் வணிகச் சட்டம் ஆங்கிலேயரின் சொந்த விவகாரமாக இருந்தது போய் வெகுகாலமாகிவிட்டது. வெளிநாட்டவரின் பணமும் வெளிநாட்டவரின் சண்டையும் சேர்ந்துதான் இந்நகரத்தின் பெரிய சட்ட நிறுவனங்களை வாழவைக்கின்றன.

இதைக் கேட்டதும் பலருடைய மனம் மொழியை நோக்கிப் பாய்கிறது. என் மனமும் அப்படித்தான் பாய்ந்தது. என் விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் தமிழில் முழுத் தேர்ச்சி என்று பெருமையாக எழுதியிருந்தேன். ஒரு நேர்காணலில் இருந்த இருவரில் ஒருவருக்குத் தமிழ் தெரியும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் ஒரு தாளை நகர்த்திவைத்தார். அதில் ஆங்கிலத்தில் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்று ‘கேரண்டி’, மற்றொன்று ‘இண்டெம்னிட்டி’. “ஆங்கிலம் தெரியாத கட்சிக்காரர் ஒருவர் எதிரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் சொல்லுங்கள்” என்றார். முதலாவதை உத்தரவாதம் என்றேன். இரண்டாவதையும் உத்தரவாதம் என்றேன். பிறகு வாய் வரவில்லை.

வேறுபாடு எனக்குத் தெரியாமல் இல்லை. முன்னதில் கடன் வாங்கியவர் தவறினால்தான் உறுதி கொடுத்தவரின் பொறுப்பு தொடங்கும். 1677ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்றின்படி அது எழுத்தில் இருந்தாக வேண்டும். பின்னது தனித்து நிற்கும் பொறுப்பு. மூலக் கடன் செல்லாது என்று ஆனாலும் அது பெரும்பாலும் நிற்கும். இதையெல்லாம் ஆங்கிலத்திலேயே படித்திருந்த நான், ஒருமுறைகூடத் தமிழில் யாருக்கும் விளக்கிப் பார்த்ததில்லை. வீட்டில் பேசும் மொழி வேறு, ஐந்து கோடி ரூபாய்க்குப் பிணை நிற்கப்போகும் ஒருவரிடம் அதன் விளைவைச் சொல்லும் மொழி வேறு. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை, கிடைத்திருக்கவும் கூடாது. மொழியை உங்கள் பலமாகக் காட்ட விரும்பினால், முக்கியமான இருபது முப்பது ஒப்பந்தக் கருத்துகளையாவது அந்த மொழியில் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள்.

அப்படியானால் உண்மையான சாதகம் எது? ஒரு நாட்டில் மட்டுமே வளர்ந்து படித்தவருக்குக் கண்ணில் படாத சில ஊகங்கள், இரண்டு நாடுகளில் பழகியவருக்குக் கண்ணில் படும். இதைத் தத்துவமாகச் சொல்வதைவிட நடந்ததைச் சொல்கிறேன். என் பயிற்சிக் காலத்தின் முதல் ஆறு மாதத்தில், இந்திய நிறுவனம் ஒன்றை வாங்கும் வேலையில், ஆவணங்களைச் சரிபார்க்கும் குழுவில் கடைசி ஆளாக இருந்தேன். அந்த நிறுவனத்துக்கு வரவேண்டிய நிலுவைத் தொகைகளை யாரோ ஓர் அட்டவணையில் தொகுத்திருந்தார்கள், மொத்தம் 4,385.20 என்று இருந்தது, தலைப்பில் ‘மில்லியன் ரூபாய்’ என்று இருந்தது. மூல ஆவணத்தைத் திறந்து பார்த்தேன். பக்கத்தின் வலது மேல் மூலையில், எறும்பளவு எழுத்தில், ‘ரூபாய் லட்சத்தில்’ என்று அச்சாகியிருந்தது. 4,385.20 லட்சம் என்பது 438.52 மில்லியன், அதாவது அட்டவணை உண்மையைப் போல் பத்து மடங்கைக் காட்டியது. ஒப்பந்தத்தில் விற்பவர் ஏற்க வேண்டிய இழப்பீட்டு உச்சவரம்பை அந்த எண்ணை வைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைவிடக் கெட்டிக்காரர்கள் மூன்று பேர் அந்தத் தாளைப் பார்த்திருந்தார்கள். லட்சம் என்ற அலகில் கணக்கு எழுதும் பழக்கத்தையே அறியாததால், அந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஜெர்மனியில் படித்தவர் 1.250 என்ற எண்ணைக் கண்டால் அது ஆயிரத்து இருநூற்றைம்பதா, ஒன்றேகாலா என்று ஒரு நொடி நிற்பார். அமெரிக்காவில் படித்தவர் 03/04 என்ற தேதியைக் கண்டால் நிற்பார். அந்த ஒரு நொடித் தயக்கத்துக்கு இந்தத் தொழிலில் நல்ல மதிப்பு உண்டு.

எண்ணில் உள்ளது சட்டத்திலும் உள்ளது. நிறுவனத்தை விற்ற பிறகு நிறுவனர் சில ஆண்டுகளுக்குப் போட்டித் தொழில் தொடங்கக் கூடாது என்று எழுதுவதும், ஊழியர் விலகிய பிறகு போட்டியாளரிடம் சேரக் கூடாது என்று எழுதுவதும் ஆங்கில வழக்கறிஞருக்கு ஒரே வகைப் பிரிவாகத் தோன்றும்; கட்டுப்பாடு நியாயமான அளவில் இருந்தால் ஆங்கிலச் சட்டம் இரண்டையும் ஏற்கும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27 அப்படிப் பார்ப்பதில்லை. அதன்படி இத்தகைய தடை பொதுவாகச் செல்லாது; தொழிலை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்கும்போது மட்டும் விதிவிலக்கு. பணி முடிந்த பிறகு ஊழியரைக் கட்டும் தடை செல்லாது. அதே சட்டத்தின் பிரிவு 74ஐயும் நினைத்துப் பாருங்கள். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை குறித்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஆங்கிலச் சட்டமோ 2015ஆம் ஆண்டின் கேவண்டிஷ் எதிர் மக்டெஸ்ஸி தீர்ப்புக்குப் பிறகு வேறு கேள்வியைக் கேட்கிறது: பாதிக்கப்பட்டவரின் நியாயமான நலனோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை முற்றிலும் பொருத்தமற்றதா? அந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டால் எழுதிய தொகை முழுதும் கிடைக்கும். இரண்டையும் படித்தவர் வரைவைப் பார்த்தவுடனே “இந்தியாவில் இருக்கும் ஊழியர்களுக்கும் இதையே வைக்கிறோமா?” என்று கேட்பார். கேள்வி எழுப்புவது வேறு, ஆலோசனை கூறுவது வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியச் சட்டம் குறித்த கருத்தை இந்திய வழக்கறிஞர்தான் எழுத்தில் தருவார். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அறிந்தவர் குழுவில் இருந்தால், கையெழுத்துக்கு முந்தின நாள் வரை அந்தக் கேள்வி தூங்கிக்கொண்டிருக்காது.

இது இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் உரியது அன்று. ஐரோப்பிய மாணவர்களிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஜெர்மன் உரிமையியல் சட்டத் தொகுப்பின் 242ஆம் பிரிவு, ஒப்பந்தக் கடமையை நல்லெண்ணத்தோடு நிறைவேற்றச் சொல்கிறது. பிரெஞ்சுச் சட்டத் தொகுப்பு, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பேச்சுவார்த்தைக்கும் அதையே விதிக்கிறது. ஆங்கிலச் சட்டத்தில் அப்படி ஒரு பொதுக் கடமை இல்லை. நல்லெண்ணத்தோடு பேச்சுவார்த்தை நடத்துவோம் என்று உடன்பட்டால்கூட அதை நிறைவேற்றக் கோர முடியாது என்று 1992இல் வால்ஃபர்ட் எதிர் மைல்ஸ் வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை கூறிவிட்டது. 2013இல், மான்செஸ்டர் யுனைடெட் பெயரிட்ட வாசனைத் திரவியங்களை விற்கும் உரிமை பெற்ற சிங்கப்பூர் நிறுவனமான யாம் செங் தொடுத்த வழக்கில், நீதிபதி லெகாட் சில வகை ஒப்பந்தங்களில் அத்தகைய கடமை எழுதப்படாவிட்டாலும் உண்டு என்று கொள்ளலாம் என்றார். அதைச் சுற்றிய விவாதம் இன்னும் அடங்கவில்லை. மியூனிக்கில் இருக்கும் மேலாளர், எதிர்த்தரப்பு கடைசி நேரத்தில் எழுந்து போய்விட்டதைக் கண்டு கொதிக்கும்போது, “உங்கள் சட்டத்தில் இதற்கு வழி உண்டு, இந்தச் சட்டத்தில் இல்லை, காரணம் இது” என்று சொல்லக்கூடியவர் அறையில் இருப்பது கட்சிக்காரரைத் தக்கவைக்கும்.

வழக்கில் வென்ற பிறகு பணம் எங்கே வசூலாகும் என்பதும் அப்படிப்பட்ட கேள்விதான். எதிராளியின் சொத்து இந்தியாவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, பிரிவு 44அ-இன்படி, பரஸ்பர அங்கீகாரம் பெற்ற நாடுகளின் மேல்நிலை நீதிமன்றத் தீர்ப்பை இந்திய மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கோரலாம். பிரிட்டன் அந்தப் பட்டியலில் உண்டு; அமெரிக்கா இல்லை. நியூயார்க் நீதிமன்றத்தில் வென்றவர் அந்தத் தீர்ப்பை அடிப்படையாக வைத்து இந்தியாவில் புதிதாக வழக்குத் தொடுக்க வேண்டியிருக்கும். எந்த நீதிமன்றம் என்ற பிரிவை எழுதும்போதே இதை யோசிப்பவர்கள் எல்லா நிறுவனங்களிலும் இருப்பதில்லை.

இந்திய மாணவர்களுக்கு இன்னொரு விந்தையான சூழலும் கைகொடுக்கிறது. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இந்தியாவில் அலுவலகம் திறக்க முடியாது, அவ்வப்போது வந்துபோய் வெளிநாட்டுச் சட்டம் குறித்து ஆலோசனை தரலாம் என்று 2018இல் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023இல் இந்திய வழக்கறிஞர் மன்றம் கொண்டுவந்து 2025இல் திருத்திய விதிகள், நீதிமன்றம் சாராத வெளிநாட்டுச் சட்டப் பணிக்குச் சற்று இடம் கொடுக்கின்றன. இத்தனை காலமும் அந்த நிறுவனங்கள் இந்திய வேலையை லண்டனிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் உட்கார்ந்துதான் பார்த்துவந்தன. ஆகவே இந்தியாவை அறிந்தவர்கள் அங்கேயே தேவைப்பட்டார்கள்.

தகுதித் தேர்வு குறித்து அதிகம் அஞ்ச வேண்டாம். 2021 முதல் சொலிசிட்டர் ஆவதற்கு எஸ்க்யூஇ என்ற தேர்வு நடைமுறையில் உள்ளது: முதல் கட்டத்தில் 360 பல்தெரிவு வினாக்கள், இரண்டாம் கட்டத்தில் 16 செயல்முறைப் பயிற்சிகள். இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும்; அதை அதிகபட்சம் நான்கு இடங்களில், வெளிநாட்டிலும்கூடப் பெறலாம். ஏற்கெனவே தம் நாட்டில் வழக்கறிஞராகத் தகுதி பெற்றவருக்கு அந்தப் பணி அனுபவத் தேவையே இல்லை. இந்தியாவில் பதிவு செய்துகொண்ட பிறகு வருவதா, படித்த கையோடு வருவதா என்று தயங்குபவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

விசாவைப் பற்றி இனிப்பாகப் பேச எனக்கு விருப்பமில்லை. பட்டதாரி விசா இப்போது முதுகலை முடித்தவருக்கு இரண்டு ஆண்டு தருகிறது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். பெரிய நிறுவனங்களோ பயிற்சி இடங்களைப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு முன்கூட்டியே நிரப்பிவிடுகின்றன. ஆகவே, லண்டனில் இறங்கிய பிறகு விண்ணப்பிக்கலாம் என்று இருப்பவரின் காலக் கணக்கு உதைக்கும். வேலை விசாவுக்கான பொது ஊதிய வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்தது. புதிதாக நுழைவோருக்குச் சலுகை உண்டென்றாலும், விசாவுக்குப் பொறுப்பேற்கும் உரிமம் இல்லாத சிறு நிறுவனங்கள் கையை விரித்துவிடும். பெரிய வணிகச் சட்ட நிறுவனங்களில் முதலாண்டுப் பயிற்சி ஊதியமே இந்த வரம்பைத் தாண்டும். குடும்பச் சட்டம், குடியுரிமைச் சட்டம் என்று மனத்தில் ஆசை வைத்திருந்த பலர் வணிகச் சட்டத்துக்கு ஒதுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

விண்ணப்பத்தில் இதை எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். ‘இரு பண்பாடுகளில் வளர்ந்தேன், எளிதில் ஒத்துப்போவேன்’ என்ற வாக்கியத்தை நான் எத்தனையோ முறை படித்துவிட்டேன். அதைப் படித்தபின் எழுதியவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரிவதில்லை. அண்மையில் ஒரு மாணவி அந்த இடத்தில் நான்கே வரி எழுதியிருந்தார். படிக்கும் காலத்தில் இந்திய வழக்கறிஞர் ஒருவரிடம் பயிற்சி பெற்றபோது, வெளிநாட்டில் கையெழுத்தான அதிகார ஆவணம் (பவர் ஆஃப் அட்டர்னி) ஒன்று இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்படாமல் கிடந்ததைக் கவனித்ததாகவும், அதனால் பங்கு மாற்றம் தள்ளிப்போனதாகவும், லண்டனில் கையெழுத்து வாங்கும்போதே ஒரு குறிப்பு அனுப்பியிருந்தால் அது நேர்ந்திருக்காது என்றும் எழுதியிருந்தார். நேர்காணலின் பாதி நேரம் அந்த ஆவணத்தைப் பற்றியே போயிற்று. அவருடைய மதிப்பெண்ணைக் கேட்க நாங்கள் மறந்தே போனோம்.