15.7 மீட்டர் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அணுசக்தியை ஆக்கத்துக்குப் பயன்படுத்தச் சட்டமே முதல் தேவை என்று உங்கள் ஃபுகுஷிமா கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். முப்பது ஆண்டுகள் ஆலைகளில் வேலை பார்த்த பொறியாளன் என்ற முறையில் என்னால் இதை ஏற்க முடியவில்லை. 2011 சுனாமியிலிருந்து ஜப்பானின் ஒனகாவா அணுமின் நிலையத்தைக் காத்தது சட்டமா? தோஹோகு மின் நிறுவனத்தின் யானோசுகே ஹிராய், 869ஆம் ஆண்டில் வந்த ஜோகன் சுனாமியை மனத்தில் வைத்து, நிலையத்தின் தரை கடலுக்கு மேல் 14.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வந்த அலை 13 மீட்டர். அந்த ஒனகாவாவைத்தான் சட்டம் பதின்மூன்று ஆண்டுகள் ஓடவிடாமல் வைத்தது. தெரிந்தவர்களை அவர்கள் போக்கில் விட்டால் போதாதா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

ஹிராயைப் பற்றி நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. இன்னும் ஒன்றைச் சேர்க்கலாம். நிலநடுக்கத்தில் அங்கே நிலமே ஒரு மீட்டர் இறங்கிவிட்டது. நிலையத்தின் தரையைத் தொட அலைக்கு இன்னும் 80 சென்டிமீட்டர் போலத்தான் பாக்கி இருந்தது. வீடிழந்த ஊர்மக்கள் முந்நூறு பேருக்கு மேல் அந்த நிலைய வளாகத்தில்தான் தஞ்சம் புகுந்தார்கள். அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆனால் ஃபுகுஷிமாவிலும் பொறியாளர்கள் இருந்தார்கள். 2008இல் அந்த நிலையத்தை நடத்திய டோக்கியோ மின் நிறுவனத்துக்காகப் போட்ட ஒரு கணக்கில், அலை 15.7 மீட்டர் வரை ஏறலாம் என்று விடை வந்தது. முதல் நான்கு உலைகள் நின்ற தரையோ 10 மீட்டர். கணக்கு மேலிடத்துக்குப் போனது. கணக்கு தப்பு என்று மேலிடம் சொல்லவில்லை. பொறியாளர் சங்கம் ஒன்று இதை ஆராயட்டும் என்று தள்ளிப்போட்டது. அந்த எண்ணை அரசின் பாதுகாப்பு முகமையிடம் நிறுவனம் தெரிவித்த நாள் 2011 மார்ச் 7. அலை வந்தது மார்ச் 11. உலைகளைக் குளிர்விக்க மின்சாரம் தர வேண்டிய, டர்பைன் கட்டடங்களின் அடித்தளத்தில் வைத்திருந்த அவசர டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின. இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அதைத் தள்ளிப்போட முடிந்தது எப்படி? செய்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2006இல் நிலநடுக்கப் பாதுகாப்பு நெறிகளைத் திருத்தினார்கள். பழைய உலைகளையும் அதன்படி சோதித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். 2009இல் முடிய வேண்டிய அந்தச் சோதனையை நிறுவனம் தன் இஷ்டத்துக்கு 2016 வரை நீட்டிக்கொண்டது. பெருவிபத்துக்கான ஏற்பாடுகளையும் 1992 முதலே நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். கண்காணிக்க வேண்டிய முகமை, அணுமின்சாரத்தை வளர்க்கும் அதே அமைச்சகத்தின் கீழ் இருந்தது.

நம் கல்பாக்கத்தில் 2004 சுனாமியின்போது கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். இப்படிக் கடல்நீர் வளாகத்துக்குள் ஏறினால் மின்சாரம் முழுவதும் அற்றுப்போகலாம் என்பது ஜப்பானின் முகமைக்கும் நிறுவனத்துக்கும் 2006இலேயே தெரியும். தெரிந்ததோடு சரி.

ஹிராய்க்குப் பதவி இருந்தது, துணைத் தலைவராகவே இருந்தவர். அவர் பேச்சு எடுபட்டது. 2008இல் கணக்குப் போட்டவர்களுக்கு அந்தப் பலம் இல்லை. அப்படிப் பலம் இல்லாதவர்களின் எண்ணுக்கும் மேலிடம் பதில் சொல்லியாக வேண்டும். சட்டம் வேண்டும் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

சட்டம் இந்தத் தொழிலுக்கு வெறும் தடையாக மட்டும் இருந்ததும் இல்லை. விபத்து நடந்தால் எவ்வளவு வரை பொறுப்பு என்று 1957இல் பிரைஸ்–ஆண்டர்சன் சட்டம் வரையறுத்த பிறகுதான் அமெரிக்காவில் தனியார் நிறுவனங்கள் துணிந்து இறங்கின. ஜப்பானின் 1961 சட்டம் வேறு வழியில் போனது: முழுப் பொறுப்பும் நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் மேல், அதற்கு உச்சவரம்பு கிடையாது. அதனால் ஃபுகுஷிமா மக்கள் இழப்பீடு கேட்க நிறுவனத்தின் தவற்றை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. இருந்தும், 2011 செப்டம்பரில் அவர்களிடம் கொடுத்த விண்ணப்பம் 60 பக்கம். அதை நிரப்பச் சொல்லித்தரும் கையேடு 156 பக்கம். ஊரைவிட்டு வந்த ஒரு முதியவர் தற்காலிக வீட்டில் உட்கார்ந்து அதைப் புரட்டுவதை நினைத்துப் பாருங்கள். இத்தகைய இடத்தில் சட்டத்தின் மேல் உங்களுக்கு வரும் கோபம் எனக்கும் உண்டு.

பதின்மூன்று ஆண்டு தாமதத்துக்கு வருகிறேன். 2012இல் அமைச்சகத்திலிருந்து பிரித்துத் தனி ஒழுங்குமுறை ஆணையம் அமைத்தார்கள். புதிய தரம் பழைய உலைகளையும் கட்டுப்படுத்தும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 2013இல் விண்ணப்பித்த ஒனகாவா 2ஆம் உலைக்கு 2020இல் ஒப்புதல் கிடைத்தது. கடல் மட்டத்துக்கு மேல் 29 மீட்டர் உயரத்துக்குச் சுவர் எழுப்பி, 2024 அக்டோபர் 29 அன்று அது மீண்டும் இயங்கத் தொடங்கியது. நீண்ட காலம்தான், செலவும் பெரிதுதான். ஆனால் அடுத்த இரண்டு வாரத்தில், நவம்பர் 13 அன்று, இன்னொரு அணுமின் நிலையமான சுருகாவின் 2ஆம் உலைக்கு அதே ஆணையம் அனுமதி மறுத்தது. உலைக்கு அடியில் உயிர்ப்புள்ள நிலப்பிளவு இருக்கலாம் என்பதை நிறுவனத்தால் மறுக்க முடியவில்லை. துளையிட்டு எடுத்த மண்ணைப் பற்றிய குறிப்புகளை அது இடையில் மாற்றி எழுதியிருந்ததும் ஆய்வின்போதுதான் வெளிப்பட்டது. இந்த முறை நிலப்பிளவைப் பற்றிய கேள்வியை வேறொரு சங்கத்துக்கு அனுப்பிக் காத்திருக்க அந்த நிறுவனத்தால் முடியவில்லை.

அன்புடன்